திருவிருந்துக்கு எழும்பாத ஞாயிறுகள்

ஆரல்வாய்மொழியில் காற்று தொடங்கிவிட்டால் எங்களுக்கு உட்கார நேரம் கிடையாது. காற்றாலைகளைப் பராமரிப்பது என் வேலை. நன்றாகக் காற்றடிக்கிற மாதங்களில் ஒரு காத்தாடி சும்மா நின்றாலும் கம்பெனிக்கு வயிற்றெரிச்சல்; நாங்கள் ஏறியாக வேண்டும். தூணின் வயிற்றுக்குள்ளேயே ஏணி போகிறது. இடுப்பில் ஒரு பெல்ட், அதிலிருந்து கவட்டு வழியாக இரண்டு தொடைகளையும் சுற்றி வரும் பட்டைகள், நெஞ்சில் ஒரு கொக்கி. அந்தப் பட்டைகளை இழுத்து இறுக்காமல் ஏறுகிறவன் முட்டாள். வருடக்கணக்காக இறுக்கிக் கட்டியதில் தொடையிடுக்கு சிவப்பதும் எரிவதும் எங்கள் கூட்டத்தில் யாருக்கும் புதிதில்லை. அதற்கென்றே எல்லார் பையிலும் ஒரு பவுடர் டப்பா இருக்கும்.

அதனால் அது வந்தபோது நான் பழியைப் பெல்ட்டின் மேல் போட்டேன். முதலில் காய்ச்சலும் உடம்பு நோவும். பிறகு தொடையில் எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு. அதற்கப்புறம், எந்த இடம் என்று விளக்கிச் சொல்லத் தேவையில்லாத ஓர் இடத்தில், சின்னச் சின்னக் கொப்புளங்கள் கூட்டமாக எழும்பின. பவுடர் போட்டேன். தேங்காயெண்ணெய் போட்டேன். போட்டுக்கொண்டு வேலைக்கும் போனேன். ஏணியில் பாதி ஏறியபோது பட்டை அதன்மேல் உரசியது பாருங்கள், நாற்பத்தைந்து வயது ஆம்பிளை, அந்த இருட்டுக் குழாய்க்குள் நின்று "யம்மா" என்று அலறிவிட்டேன். கீழே நின்றவன், "என்ன அண்ணே, பாம்பா?" என்று கத்தினான். தூண்களுக்குள் பாம்பு ஏறுவது உண்டு. "ஆமா" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அக்கியாக இருக்குமோ என்றும் யோசித்தேன். என் அப்பாவுக்கு மார்பில் அக்கி வந்தபோது குயவர் வீட்டுக்கு வந்து காவி குழைத்துக் கொப்புளங்களைச் சுற்றிப் படம் எழுதிவிட்டுப் போனார். அப்பா சட்டை போடாமல் ராஜா மாதிரி முற்றத்தில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். எனக்கு வந்திருக்கிற இடத்தைப் பார்த்தால் அந்தக் குயவர் காவிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஓடியிருப்பார். வேறு வழியில்லாமல் நாகர்கோவிலுக்கு டாக்டரைப் பார்க்கப் போனேன்.

தோல் டாக்டரின் பலகையைப் பார்த்திருப்பீர்கள். பெரிய எழுத்தில் 'தோல் நோய்', அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'பால்வினை நோய்'. இந்த இரண்டாவது வரியை யாரும் வாய்விட்டுப் படிப்பதில்லை. ஆனால் வந்து உட்காருகிற எல்லாருக்கும் அது தலைக்கு மேலேயே நிற்கும். அதனால் உட்கார்ந்ததும் ஒவ்வொருவரும் கையையோ கழுத்தையோ லேசாகச் சொறிந்து, முதல் வரிக்காகத்தான் வந்திருக்கிறோம் என்று அடுத்தவருக்குக் காட்டிக்கொள்வார்கள். நானும் நல்ல முழங்கையைச் சொறிந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் ஒரு பெண். எங்கள் அண்ணன் மகள் வயதுதான் இருக்கும். கையுறை மாட்டிக்கொண்டு, முகம் சுளிக்காமல், அவசரப்படாமல் பார்த்தார். பஞ்சுக்குச்சியால் தொட்டெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். "பயப்படாதீங்க சார். இது ஹெர்பிஸ்னு ஒரு வைரஸ். உடலுறவு மூலமா பரவக்கூடியது" என்றார். அதற்குப் பிறகும் அவர் நிறையச் சொன்னார். உதடு அசைந்தது, கை அசைந்தது, எனக்கு மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. முழுதாகப் போகாது, அடங்கித்தான் இருக்கும் என்பது ஒன்று காதில் விழுந்தது. ஒரு நாள் வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னது விழுந்தது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு மாத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

நான் பெரிய உத்தமன் என்று மார்தட்ட வரவில்லை. மலை, காற்று, ஏணி, கிரீஸ் என்று போகிற வாழ்க்கையில் தப்புப் பண்ண எனக்கு நேரமும் இல்லை, என்னை ஏறிட்டுப் பார்த்தவர்களும் இல்லை. ஆசையே வந்ததில்லை என்றால் பொய். ஆனால் கல்யாணத்துக்கு முன்பும் சரி, பின்பும் சரி, எனக்கு அவள் ஒருத்திதான். இந்த நோய் வருவதற்கு ஒரு வழிதான் உண்டு என்று நான் நினைத்தேன். அந்த வழியில் நான் போகவில்லை. அப்படியானால் போனது யார்? வண்டி வீட்டு வாசலில் வந்து நிற்பதற்குள் அந்தக் கேள்வி எனக்குள் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

என் மனைவி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஒன்றாம் வகுப்பு. சாக்பீஸ் தூள் ஒட்டாத சேலை அவளிடம் கிடையாது. ஒரே மகள் திருநெல்வேலியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். காலையில் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிப்பதற்குள் நாங்கள் இருவரும் பால் விடாத கட்டன் சாயா குடிப்போம், ஒரே தம்ளரில். கல்யாணமான புதிதில் அவசரத்துக்கு ஆரம்பித்த வழக்கம். நான் பாதி குடித்துவிட்டு வைப்பேன், மீதியை அவள் குடிப்பாள். பாதிக்கு ஒரு மடக்கு கீழே போனால் வேன் வரைக்கும் பின்னாலேயே வந்து திட்டுவாள்.

மறுநாள் காலையில் நான் அடுக்கிலிருந்து வேறொரு தம்ளரை எடுத்தேன். அவள் பார்த்தாள். துண்டைத் தனியாகப் போட்டேன். மகளின் கட்டிலில் படுத்தேன். "என்ன அத்தான், காச்சலு இன்னும் மாறலியா?" என்று கேட்டாள். "மாறும்" என்றேன். மழை நாளில் தலைமையாசிரியர் அவளைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டது ஞாபகம் வந்தது. பயிற்சி வகுப்பு என்று அவள் போய்வந்த நாட்கள் ஞாபகம் வந்தன. அவள் போனில் யாரிடமாவது சிரித்துப் பேசினால் எனக்குத் தொடையிடுக்கில் எரிந்தது. கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்து, கீழே புதுத்தோல் வந்துவிட்டது. இந்த எரிச்சல் மட்டும் ஆறவில்லை.

இப்படியே மாதத்தின் முதல் ஞாயிறு வந்தது. அன்று எங்கள் சபையில் திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று வாங்குவோம். ரசத்துக்கு ஒரே வெள்ளிக் கிண்ணம்தான். எல்லார் வாய்க்கும் அதுவே வரும். கொரோனா நேரத்தில் ஆளுக்கொரு சின்னக் குப்பி கொடுத்தார்கள், பிறகு பழையபடி கிண்ணத்துக்கே வந்துவிட்டோம். யாருடனாவது மனத்தாங்கல் இருந்தால் அன்று எழும்பிப் போகக்கூடாது. இதை யாரும் சட்டமாக எழுதி ஒட்டவில்லை, ஆனாலும் எங்கள் ஊரில் யாரும் மீறமாட்டார்கள். அதனால் வரிசை வரிசையாக எல்லாரும் எழும்பிப் போகும்போது யார் இருக்கையிலேயே இருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும், எந்த வீட்டில் என்ன தகராறு என்று தெரிந்துவிடும். இருக்கிறவன் மற்றவர்களுக்கு வழிவிடக் கால்முட்டைத் திருப்பிக்கொள்ள வேண்டும். போகிறவர்கள் எல்லாரும் அந்த முட்டில் இடித்துக்கொண்டுதான் போவார்கள்.

நான் எழும்பவில்லை. முதல் காரணம் பயம். என் வாய் பட்ட கிண்ணத்தில் அடுத்த ஆள் குடித்தால் என்ன ஆகும்? ஒரு சபைக்கே நோயைப் பரப்பின பாவி ஆகிவிடுவேன் என்று நடுங்கினேன். இரண்டாவது காரணம் அதைவிடக் கசப்பானது. இடப்பக்கம் பெண்கள் வரிசையில் இருந்த என் மனைவியை நினைத்தாலே எனக்கு உள்ளே கொதித்தது. கண்ணை மூடிக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக முட்டில் இடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த மாதமும் அதே போல இருந்தேன்.

இரண்டு மாதம் தொடர்ந்து ஒருத்தன் எழும்பவில்லை என்றால் ஊர் சும்மா இருக்குமா? ஊர் யோசித்து, ஒரு முடிவுக்கு வந்தது. அடுத்த வீட்டில் இருக்கிற என் அண்ணனோடுதான் தகராறு, இரண்டு வீட்டுக்கும் நடுவில் அவர் கட்டின மதில்தான் காரணம் என்று. அந்த மதில் ஒரு சாண் என் பக்கம் தள்ளித்தான் வந்திருந்தது. கட்டும்போதே கவனித்தேன். போகட்டும் என்று அன்றைக்கே விட்டுவிட்டேன். ஆனால் ஊருக்கு அது தெரியாதே.

ஞாயிறு மதியம் அண்ணன் தோட்டத்தில் பழுத்த ஒரு பெரிய வருக்கைப் பலாச் சக்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்குள் வந்தார். வாழைத் தோட்டமே கதி என்று இருக்கிற முரட்டு மனிதர். விழுந்த ஒரு தேங்காய்க்காகப் பஞ்சாயத்து ஆபீசில் போய் அரைநாள் சண்டை போட்டவர். சக்கையைத் தரையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் அதையே பார்த்தபடி பேசினார்.

"லேய், நான் அளந்தது தப்புதான். ஒரு சாண் உனக்க பக்கம் வந்துட்டு. எனக்கு அண்ணைக்கே தெரியும்."

"அண்ணே, அதெல்லாம்..."

"நீ பேசாத. ரெண்டு மாசமா நீ எழும்பல. எனக்க முட்டுதான் உன்ன இடிச்சிட்டுப் போச்சு. அப்பம் எனக்குத் தொண்டையில எறங்கல மக்கா."

அது இல்லை அண்ணே, என்று சொல்ல வாய் திறந்தேன். அது இல்லை என்றால் வேறு எது என்று கேட்பார். மூடிக்கொண்டேன். மறுநாள் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டு நிற்கும்போது அவர் கடப்பாரையோடு வந்து மதிலை இடிக்கத் தொடங்கினார். ஆள் வைக்கவில்லை, அவரே இடித்தார். அந்த வயதில், அந்தப் பிடிவாதக்காரர், எனக்கு இல்லாத ஒரு கோபத்துக்காக வியர்த்து விறுவிறுத்து ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்து அடுக்கியதைப் பார்த்து வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன். ஆகாயத்தில் சுற்றுகிற இறக்கைகளைப் பார்த்து ஊர் உலகம் வாய் பிளக்கும். எனக்கு அவை பழகிப்போனவை. என்னை வாய் பிளக்க வைத்தது அந்தக் காலைதான்.

என் மனைவி அடுக்களை சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பெரியத்தான்கிட்டதானா கோவம்?" என்று கேட்டாள்.

"ம்."

என் தனித் தம்ளரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, கழுவி, கவிழ்த்து வைத்தாள்.

அந்த வாரமே எனக்கு மறுபடி குறுகுறுத்தது. முன்னளவு இல்லை, இரண்டு மூன்று கொப்புளம்தான். டாக்டரிடம் போனேன். முழங்கையைச் சொறியக்கூட மறந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

"மனைவியைக் கூட்டிட்டு வரச் சொன்னேனே? அன்னைக்குச் சொன்னது எதையும் காதுல வாங்கலியா சார்?" என்று டாக்டர் கடிந்துகொண்டார். பிறகு மறுபடி முதலிலிருந்து சொன்னார். இந்த முறை கேட்டேன்.

"இதுல ரெண்டு வகை உண்டு. உங்களுக்கு வந்திருக்கிறது முதல் வகைன்னு டெஸ்ட்ல வந்திருக்கு. பொதுவா உதட்டுல வர்றது இதுதான். வீட்டுல யாருக்காவது காய்ச்சல் அடிச்சா உதட்டுல கொப்புளம் வருமா?"

எங்கள் கல்யாண ஆல்பம் சட்டென்று கண்முன் வந்தது. எல்லாப் படத்திலும் அவளுடைய கீழுதட்டின் ஓரம் மட்டும் மெழுகு பூசியது போல இருக்கும். கல்யாணத்துக்கு முந்தின வாரம் காய்ச்சல் வந்து உதட்டில் புண். ஸ்டூடியோக்காரர் ஒவ்வொரு படத்திலும் அதை அழித்துக் கொடுத்தார். அவளுக்கு வருடத்தில் ஒரு தடவையாவது அது வரும். தேங்காயெண்ணெய் தொட்டு வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள். பதினெட்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"வரும்" என்றேன்.

"வாயிலேருந்து அங்கேயும் போகும் சார்" என்று டாக்டர், வடசேரி பஸ் எந்த வழி போகும் என்று சொல்வது போலச் சொன்னார். நான் மேசையைப் பார்த்தேன். "புண் வெளிய தெரியாதப்பவும் பரவலாம். எப்ப வந்துச்சு, யாரு தந்தாங்கன்னு யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது. ரொம்ப நாள் சத்தமில்லாம இருந்துட்டு இப்ப தலைகாட்டியிருக்கலாம். இதை வச்சு ஒருத்தர் ஒழுக்கத்தை அளக்காதீங்க."

இந்தக் கிருமி எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்று கேட்டேன். உதட்டில் வந்தது காதுக்குப் பக்கத்தில் ஒரு நரம்பின் வேரிலும், எனக்கு வந்தது முதுகெலும்பின் அடியில் நரம்பு வேரிலும் போய்த் தூங்குமாம். சிலருக்கு ஆயுசு முழுக்கத் தூங்கும், சிலருக்குக் காய்ச்சலோ வெயிலோ மனக்கஷ்டமோ வந்தால் நரம்பு வழியாகவே திரும்பி வந்து எட்டிப் பார்க்கும். "நிறைய பேருக்குச் சின்னப் பிள்ளையில அம்மா அப்பா முத்தம் கொடுக்கும்போதே வந்திடும்" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று, ஒரு முத்தத்தில் ஏறி, நரம்பைப் பிடித்து நடந்து, வேரில் போய்ப் படுத்து, காலாகாலமாக ஒரு மனுஷியோடு பள்ளிக்கூடம் போய், கல்யாணம் முடித்து, என் வீட்டுக்கு வந்திருக்கிறது. அதற்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. பாவம் புண்ணியம் எல்லாம் நான் ஒட்டினது.

எழும்பும்போது தயங்கித் தயங்கிக் கிண்ணத்தைப் பற்றியும் கேட்டேன்.

"உங்க புண் கிண்ணத்துல போகாது சார்" என்று அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "உதட்டுல புண் இருக்கிறவங்கதான் அது ஆறுற வரைக்கும் கவனமா இருக்கணும். அப்பவும் நீங்க மட்டும் உங்க மனைவி உதட்டுப் புண்ணுக்குப் பயப்பட வேண்டாம். உங்களுக்குத்தான் ஏற்கெனவே வந்தாச்சே."

சனிக்கிழமை பகலில் அவள் அடுக்களையில் சாளை வெட்டிக்கொண்டிருந்தாள். கடியப்பட்டணத்திலிருந்து அன்று காலையில் வந்த மீன். நான் வாசல் நிலையில் சாய்ந்து நின்று நோயைச் சொன்னேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். ஆல்பத்தைச் சொன்னேன். அவள் கத்தியை நிறுத்தாமல் கேட்டாள்.

"இதுக்கா தனித் தம்ளரு? எனக்கு வந்துரும்ணு பயந்தா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நல்ல புருஷன் என்று பெயர் வாங்கியிருப்பேன். வாய் வரைக்கும் வந்தது. அடுத்த வீட்டில் அடுக்கி வைத்திருந்த மதில்கற்கள் அவளுக்குப் பின்னால் சன்னல் வழியாகத் தெரிந்தன.

"இல்ல. உன்ன நினைச்சு."

"என்னய என்னண்ணு நினைச்சு?"

சொன்னேன். தலைமையாசிரியரின் காரையும் சொன்னேன். கத்தி நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள், மீன்சட்டியை என்மேல் வீசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மீதிச் சாளையையும் வெட்டி முடித்து, மூன்று தண்ணீரில் கழுவி, குழம்பு வைத்து, எனக்குச் சோறு போட்டாள். பிறகு மகளின் கட்டிலில் கிடந்த என் தலையணையை எங்கள் அறையில் கொண்டுவந்து போட்டுவிட்டு, தன்னுடையதை எடுத்துக்கொண்டு அங்கே போய்விட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சில்லை. காலையில் இரண்டு தம்ளர்களையும் அவளே எடுத்து வைத்தாள். அதைப் பார்க்கும்போது, இவள் இனி என்னிடம் வரமாட்டாள் என்று பயந்தேன்.

ஒரு சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். "ரெண்டு மாசமும் திருவிருந்துல நான் ரசம் குடிக்கல."

எனக்குப் புரியவில்லை. அவள் எழும்பிப் போகும் சத்தம் எனக்குத் தெரியும். வளையல் சத்தம் தெரியும்.

"எழும்பிப் போனேன். அப்பம் வாங்கினேன். கிண்ணம் வரும்போ தலையக் குனிஞ்சிட்டேன். ஊருதான் பெரியத்தான்ணு நினைச்சுது. எனக்குத் தெரியாதா யாருகிட்ட கோவம்ணு? தம்ளரு மாறின அண்ணைக்கே தெரியும். உங்களுக்கு எங்கிட்ட ஒரு குறை உண்டு, அது என்னண்ணுதான் தெரியல. அது தீராம எப்பிடிக் குடிக்க?"

நான் கண்ணை மூடிக்கொண்டு பெரிய வைராக்கியத்தோடு உட்கார்ந்திருந்த அதே நேரத்தில், எதற்கென்றே தெரியாத ஒரு குற்றத்துக்காக அவள் கிண்ணத்தை விட்டுக் கொடுத்திருக்கிறாள். அவள் ஒரு சேலையை முழுதாக மடித்து முடித்தாள்.

"டாக்டரு சொன்னது நிசமா? சின்னதுல முத்தம் குடுத்தா வருமா?"

"வரும்ணு சொன்னாவ."

"எனக்க அம்மைக்கு உண்டு. இந்தா, இதே எடத்துல." கீழுதட்டின் ஓரத்தில் விரலை வைத்தாள். அவள் கல்லூரியில் படிக்கும்போதே அவளுடைய அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். விரல் அந்த இடத்திலேயே நெடுநேரம் இருந்தது. "அம்மைக்க நகையெல்லாம் போச்சு. சேலையெல்லாம் கிழிஞ்சு போச்சு. இது மட்டும் கூடவே நிக்குதே அத்தான்."

நான் நோய் என்று அருவருத்து, துண்டைத் தனியாக உலர்த்தின ஒன்றை அவள் அப்படித் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கண் நிறைந்து வழிந்தது.

"அழாதீங்க. உங்க மேல உள்ள கோவம் ஒண்ணும் மாறல" என்று துணிகளை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டாள்.

அடுத்த முதல் ஞாயிறுக்கு முந்தின வாரம் அவளுக்குக் காற்றுக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டதும் உதட்டில் அது வந்தது. கோயிலில் போதகர் திருவிருந்துக்கு அழைத்தார். எங்கள் வரிசை எழும்பியது. மூன்று மாதத்துக்குப் பிறகு நானும் எழும்பினேன். பின்னால் நின்ற அண்ணன் சந்தோஷத்தில் என் தோளைத் தட்டினார். நடைபாதையில் இறங்கும்போது இடப்பக்கம் பார்த்தேன். பெண்கள் எல்லாரும் நகர்ந்துகொண்டிருக்க, அவள் மட்டும் கால்முட்டைத் திருப்பி வழிவிட்டு உட்கார்ந்திருந்தாள். கைக்குட்டை உதட்டில் இருந்தது.

கொப்புளத்துக்காக இருக்கிறாளா? என்மேலுள்ள கோபத்துக்காக இருக்கிறாளா? எனக்குத் தெரியவில்லை. அவளை மன்னிக்காதவனாக நான் இருந்த நாளில் அவள் எனக்காகத் தலை குனிந்தாள். இன்று அவள் என்னை மன்னிக்கவில்லை என்றால் நான் எப்படிப் போய்க் குடிப்பது? வரிசையை விட்டு விலகினேன். எங்கள் சபையில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். நான் பிறந்ததிலிருந்து அந்த நடைபாதையைத் தாண்டி அந்தப் பக்கம் உட்கார்ந்த ஆம்பிளையைப் பார்த்ததில்லை. தாண்டிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாட்டு ஒரு வரி தடுமாறிப் பிறகு சரியானது.

"என்ன செய்யுதீங்க? போங்க அங்க" என்று கைக்குட்டைக்குள் சீறினாள்.

"நீ எதுக்கு இருக்க? புண்ணா, கோவமா?"

கைக்குட்டையை உதட்டில் இன்னும் அழுத்திக்கொண்டாள். போய்த் திரும்பியவர்கள் எல்லாரும் எங்கள் இரண்டு பேர் முட்டிலும் இடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் அண்ணன் படிக்கட்டிலேயே மறித்துக்கொண்டார். "இப்ப என்னடே? நான் மதில இடிச்சுத் தந்து ஆளாக்கினா, இப்ப இவகிட்ட தகராறா?"

அவள் கைக்குட்டையை எடுத்தாள். "வாய்ப்புண்ணு பெரியத்தான். கிண்ணத்துல பட்டா மத்தவங்களுக்கும் வரும்லா, அதான் இருந்தேன்."

சுற்றி நின்ற பெண்கள் கூடி நின்று அந்த உதட்டைப் பார்த்தார்கள். ஒருத்தி தேன் தடவச் சொன்னாள். இன்னொருத்தி வெண்ணெய் என்றாள். எனக்கும் வரும், என் மகளுக்கும் வரும் என்றார்கள். நான் மூன்று மாதம் உலகத்திடம் ஒளித்து வைத்த அதே சங்கதி, கோயில் படிக்கட்டில், பட்டப்பகலில், இத்தனை பேர் முன்னால் வெட்கமில்லாமல் நின்றது. இடம் நாலு சாண் மேலே தள்ளி வந்ததால் அதற்குத் தேன் கிடைக்கிறது, எனக்கு நடுக்கம் கிடைத்தது. சிரிப்பும் ஆச்சரியமும் ஒன்றாக வந்தன.

"இதுக்காலே? எனக்கும் வருமே இது" என்று அண்ணன் தன் உதட்டைத் தடவினார். பிறகு முகம் மாறியது. "அப்போ ரெண்டு மாசம் நீ எதுக்குடே எழும்பாம இருந்த?"

அவரை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், என் வண்டியில் சாய்ந்து நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே என் இடுப்பைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், தூரத்தில் தெரிந்த காத்தாடிகளைப் பார்த்தார்.

"அப்போ நான் மதில இடிச்சது வெறுதேயா?"

"ஆமா அண்ணே."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்தி, "வலிக்குதாலே?" என்று கேட்டார். இத்தனை மாதத்தில் அதை என்னிடம் கேட்டவர் அவர் ஒருவர்தான். "இப்ப இல்ல" என்றேன். அந்த மதிலை அவர் திரும்பக் கட்டவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் சேலையைக்கூட மாற்றாமல் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். நான் அடுக்களையில் போய் நின்றேன். கட்டனை ஆற்றி ஒரு தம்ளரில் ஊற்றி, தான் ஒரு வாய் குடித்தாள். நான் கையை நீட்டினேன்.

"வேண்டாம். புண்ணு இருக்கு."

"கோவம்?"

"அதும் இருக்கு. கொஞ்சம்."

"புண்ணுக்கு எனக்குப் பயமில்ல. எனக்குத்தான் வந்தாச்சுல்லா."

அவள் தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எங்களைத் தவிரச் சபை முழுவதும் ஒரே கிண்ணத்தில் குடித்துவிட்டு வந்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமையில், அவள் வாய் வைத்ததைப் பயமில்லாமல் வாங்கிக் குடிக்க அவளுக்கு நான் இருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். தம்ளரை என் பக்கம் நீட்டினாள்.

"பாதி வைக்கணும்" என்றாள்.

பாதி வைத்தேன்.